முப்பது மீட்டர் கேபிளும் முகூர்த்த நேரமும்

முப்பது மீட்டர் என்று எழுதி விற்கிற ஒரு பொருள், முப்பது மீட்டருக்கும் வேலை செய்ய வேண்டும். இதில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா? முப்பது மீட்டர் கயிறு வாங்கினால் அது கடைசி முனை வரைக்கும் கயிறாகத்தான் இருக்கும். பாதியில் களைத்துப்போய், "இதுக்கு மேல நான் கட்ட மாட்டேன்" என்று உட்கார்ந்துகொள்ளாது. பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயும் அப்படித்தான். கரண்டு வயரும் அப்படித்தான். ஆனால் டிவிக்குப் பின்னால் சொருகுகிற எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் ஒரு தனிப் பிறவி. முப்பது மீட்டர் நீளத்துக்குச் செய்வார்களாம். அழகாகச் சுருட்டிப் பெட்டியில் போடுவார்களாம். பெட்டி மேல் பெரிய எழுத்தில் நீளத்தைப் போடுவார்களாம். ஆனால் படம் மட்டும் பத்து, பதினைந்து மீட்டர் வரைக்கும்தான் ஒழுங்காகப் போகுமாம். மிச்சம் எதற்கு? அலங்காரத்துக்கா?

இந்த உண்மையை நான் ஒரு கடையில் நின்று தெரிந்துகொண்டிருந்தால் பரவாயில்லை. என் தங்கை கழுத்தில் தாலி ஏறப் போகிற நேரத்தில், பட்டு வேட்டியோடு, ஒரு பெரிய டிவியை மார்போடு அணைத்தபடி, மாடிப்படியில் நின்று தெரிந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. வெட்கம் பாதி, கோபம் பாதி. (கோபம்தான் கொஞ்சம் கூட.)

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கவலைப்படுகிறவன். எல்லாரும் கவலைப்படுவார்கள், நான் அதை முழு நேர வேலையாகச் செய்கிறவன். லோரியை நிறுத்திவிட்டு இறங்கினால், கை பிரேக் போட்டேனா என்று பார்க்க மறுபடி ஏறுவேன். இறங்கி நாலு எட்டு வைத்ததும், பார்க்கப் போன நேரத்தில் கை பட்டு பிரேக் விடுபட்டிருக்குமோ என்று திரும்பவும் ஏறுவேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இந்தக் குணம்தான் காரணம். பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று கவலைப்பட்டுப் பரீட்சைக்கே போகவில்லை. (ஆனால் ஒன்று. எழுதாத பரீட்சையில் நான் தோற்றேன் என்று இன்றுவரை யாரும் சொல்ல முடியாது.)

இப்படிப்பட்டவனிடம் ஒரு கல்யாணத்தின் கேபிள் வேலையை எப்படிக் கொடுத்தார்கள்? எல்லாம் ஒரு கோழிப்பண்ணை செய்த வேலை. சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பண்ணைகளுக்குக் கோழித்தீவனம் ஏற்றிப் போகிறவன் நான். ஒரு பண்ணையில் கோழிகள் காணாமல் போகின்றன என்று கேமரா மாட்டினார்கள். மாட்ட வந்தவருக்கு ஏணி பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். அவர் ஒரு நீல நிற நெட்வொர்க் வயரைக் காட்டி, "நூறு மீட்டர் வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு இழுக்கலாம் பிரதர், ஒன்னும் ஆவாது" என்றார். இழுத்தார். செம்பனை மரங்களைத் தாண்டி, பண்ணையின் கடைசிக் கொட்டகையில் ஒரு கோழி காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டது அலுவலக டிவியில் பளிச்சென்று தெரிந்தது.

அன்றைக்கே என் மண்டையில் பதிந்துவிட்டது: கேபிள் என்றால் நூறு மீட்டர். வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். ஏணி பிடித்த விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதிலிருந்து நான்தான் எங்கள் குடும்பத்து டெக்னீசியன்.

அப்பா சுங்கை ஊடாங்கில் டேங்கர் லோரி ஓட்டியவர். ஆள் வாட்டசாட்டமானவர், குரல் அதைவிடப் பெரிது. தங்கை கவிதாவின் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படி ஏறவே கூடாது.

மண்டபமோ கடை வரிசைக்கு மேலே, மாடியில். பதிவு செய்தபோது லிப்ட் இருந்தது. அப்பா விழுந்த பிறகு போய்ப் பார்த்தபோதும் இருந்தது, கதவில் 'ரோசாக்' என்று எழுதி ஒட்டிய தாளோடு. பழுதாம். "எப்ப சரியாவும்?" என்று மண்டபத்து ஆளிடம் கேட்டேன். "அந்தப் பேப்பர் பழசு அண்ணே" என்றார். இது ஒரு பதிலா? பழைய பேப்பர் என்றால் லிப்ட் சரியாகிவிட்டது என்று அர்த்தமா, வெகு நாளாகவே ஓடவில்லை என்று அர்த்தமா? (இரண்டாவதுதான்.)

அன்று வீட்டில் என் அத்தை மகன் ரவி ஒரு யோசனை சொன்னான். எந்தப் பிரச்சினைக்கும் ஒரே மூச்சில் யோசனை சொல்கிற ஆள் அவன்.

"நாக்காலியோட தூக்கிடலாம் மாமா. நாலு பேரு புடிச்சா முடிஞ்சிச்சி. நீங்க ராஜா மாதிரி ஒக்காந்து வரலாம்லா."

அப்பா முகம் மாறிவிட்டது. "நாலு பேரு என்னத் தூக்குற நாளு ஒன்னு இருக்குடா. அன்னிக்கு வந்து தூக்கு. பொண்ணு கல்யாணத்துல அப்படி என்னத் தூக்கிட்டுப் போவக் கூடாது."

"அப்ப தாலி கட்டுறத எப்படிப் பார்ப்பீங்களாம்?" என்றார் அம்மா.

"அதான் எங்கண்ணன் இருக்காருல்ல. அவரு நின்னு தாரை வார்த்துக் குடுக்கட்டும். நான் கீழ வாசல்ல ஒக்காந்து வர்றவங்கள வாங்கன்னு கூப்புடுறேன். மேளச் சத்தம் கேக்கும்ல, அது போதும்."

அப்பா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கவிதா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

என் வாய் அப்போதுதான் திறந்தது.

"நான் டிவி பாசாங் பண்றேன்பா, மாட்டி வெச்சிடுறேன். மேல வீடியோ கேமராலேருந்து கீழ வாசலுக்கு கேபிள் போட்டா, கவிதா தாலி கட்டிக்கிறத நீங்க நேருல பாக்குற மாதிரி பாக்கலாம்."

கவிதா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "நெசமாவாண்ணே?"

"நெசமா."

"நடுவுல கட்டாவாதே?"

"கட்டாவாது. கேபிள் நூறு மீட்டர் போவும்."

அப்பா அந்த நிமிஷத்தில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் பரீட்சைக்குப் போயிருந்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"சும்மா போன்ல வீடியோ கால் போடு மச்சான், எதுக்கு இவ்ளோ வேல?" என்று ரவி கேட்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், பேட்டரி தீர்ந்துவிடும், அப்பாவுக்கு அந்தச் சின்னத் திரையில் கண் தெரியாது. அந்தக் கடை வரிசையில் போன் கோடு (சிக்னல்தான்) ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. கேபிள்தான் நம்பிக்கையானது என்றேன். (ஆமாம். நான்தான் சொன்னேன்.)

அடுத்து என் கவலைகள் வரிசையில் வந்து நின்றன. மழை வந்தால்? டிவிக்கு மேலே போட பிளாஸ்டிக் விரிப்பு வாங்கினேன். காற்றடித்து டிவி சாய்ந்தால்? அடியில் வைக்க மணல் மூட்டை கட்டினேன். ரிமோட் தொலைந்தால்? பக்கத்து வீட்டு ரிமோட்டை இரவல் வாங்கினேன். (அது வேறு டிவியுடையது என்பது பிறகு தெரிந்தது.) நான் கவலைப்படாமல் விட்டது ஒன்றே ஒன்று, கேபிள். நூறு மீட்டர் போகிற பொருளைப் பற்றி எவன் கவலைப்படுவான்?

அலோர் காஜாவில் ஒரு மின்சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார அங்கிளிடம் பத்து, பதினைந்து, முப்பது என்று மூன்று நீளத்தில் கேபிள் இருந்தது. நமக்குத்தான் குணம் தெரியுமே. குறைந்துபோய்விட்டால் என்ன செய்வது என்று முப்பதை எடுத்தேன். "மேல் மாடியிலேர்ந்து கீழே டிவிக்கு, படம் வருமா?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"போலே, போலே" என்றார். முடியும் முடியும் என்று அர்த்தம். அந்த இரண்டு 'போலே'யையும் இங்கே நான் சாட்சியாக வைக்கிறேன்.

வீட்டில் சோதித்தும் பார்த்தேன். கவலைப்படுகிறவன் சோதிக்காமல் இருப்பானா? கேபிளை ஹால், சமையலறை, பின்வாசல் என்று நீட்டி, ஒரு முனையில் பழைய டிவிடி பெட்டியையும் மறு முனையில் டிவியையும் மாட்டினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாதான்டா இருக்கு" என்றார். அந்த டிவிடி பெட்டி அனுப்புகிற படம் சின்னது, அதனால்தான் அவ்வளவு தூரம் தாக்குப் பிடித்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? டிவிடி பெட்டி சொன்னதா?

கல்யாணத்தன்று காலையில் கேபிள் இழுக்கும்போது ரவி சொன்னான், "மச்சான், கேமராவுக்குப் பக்கத்துலயே ஜன்னலு. நேரா கீழ எறக்கு. பத்து மீட்டர்கூட வராது."

"மின்னல் அடிச்சா ஜன்னல் வழியா வயர்ல எறங்கிடும்டா."

"வெயிலு கொளுத்துது மச்சான்."

"யாராச்சும் சின்னப் பசங்க புடிச்சு இழுத்தா? கேமரா கீழ வந்து உங்கம்மா தலையில விழும்."

ரவிக்கு அந்தக் காட்சி கொஞ்சம் பிடித்திருந்தது போலத் தெரிந்தது. நான் விடவில்லை. கேபிளை மேடையின் ஓரமாக எடுத்து, பெண்கள் சேலை தடுக்காமல் சுவரோரம் கொண்டுபோய், பின்பக்கப் படிக்கட்டில் இறக்கி, தூணைச் சுற்றி, சாக்கடை மேல் பலகை வைத்து, கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுவந்தேன். இருபது மீட்டருக்கு மேல் போயிற்று; மிச்சத்தை டிவிக்கு அடியில் சுருட்டிவைத்தேன். ஒவ்வொரு வளைவும் என்னுடைய ஒரு கவலை. ஜன்னல் வழி என்று முதலிலேயே முடிவு செய்து பத்து மீட்டர் கேபிளே வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். மின்னல் அடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

வாசலில் கூடாரம் போட்டு, அதன் கீழே டிவியை வைத்து, அதற்கு நேராக அப்பாவை உட்காரவைத்தேன். பட்டுச் சட்டை, சந்தனப் பொட்டு, பக்கத்தில் வாக்கர். அவரோடு முட்டிவலிக் கூட்டம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. படி ஏற முடியாத ஆண்டிகள், அங்கிள்கள் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் செல்லம்மா அத்தை. அப்பாவின் அக்கா, ரவியின் அம்மா. படிக்கட்டு என்ற சொல்லைக் கேட்டாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவர். எல்லார் கையிலும் அட்சதையைக் கொடுத்தாயிற்று. தாலி ஏறும்போது டிவியைப் பார்த்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு.

படம் வந்தது. மேடை, வாழைமரம், ஐயர், எல்லாம் தெரிந்தது. கூடாரத்தில் கைதட்டல். அப்பா திரும்பி எல்லாரிடமும், "எம்மவன் போட்டது" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழ ஆரம்பித்தது.

"என்னடா, உள்ள பனி பெய்யுதா?" என்றார் அத்தை.

"மேல ஏர்கோன் கூடிப்போச்சு போல" என்றார் ஓர் அங்கிள்.

"ஐயரு சட்டை இல்லாம ஒக்காந்திருக்காரு, பாவம்" என்றார் ஓர் ஆண்டி. ஆளாளுக்கு ஒன்று. நான் கேபிளின் தலையைக் கழற்றி ஊதி மாட்டினேன். பனி கூடியது. இன்னொரு தடவை கழற்றி மாட்டினேன். பனி நின்றது. படமும் நின்றது. நீலத் திரையில் 'நோ சிக்னல்' என்று இரண்டே சொல்.

மாடிக்கு ஓடினேன். வீடியோக்காரர் தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு கேமராவுக்குள் முகத்தை வைத்திருந்தார்.

"தம்பி, கீழ படம் வரல!"

"நம்ம சைடு ஓகேதான் அண்ணே. ஃபோர் கேல அடிச்சிக்கிட்டிருக்கேன்."

"அப்படின்னா?"

"சாதா படத்தவிட நாலு மடங்கு க்ளியர்."

"கீழ ஒரு மடங்கே வரலையே!"

அவர் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேபிள் எத்தன மீட்டர் அண்ணே?"

"முப்பது."

சிரித்தார். கல்யாண வீட்டில், முகூர்த்த நேரத்தில், பெண்ணின் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "முப்பதா! ஃபோர் கேவுக்கு சாதா கேபிள்னா அஞ்சாறு மீட்டர் தாண்டுனாலே டவுட்டு. படத்தக் கொஞ்சம் கொறச்சா பத்து, பதினஞ்சு போவும். அதுக்கு மேலன்னா நடுவுல பூஸ்டர் வெக்கணும், இல்ல ஃபைபர் கேபிள் போடணும்."

"நூறு மீட்டர் போவும்னாங்களே!"

"அது நெட்வொர்க் கேபிள் அண்ணே. அது வேற, இது வேற."

"சரி, படத்தக் கொறைங்க!"

"ரெக்கார்டிங் ஓடுது. இப்ப செட்டிங்ல கை வெச்சா எல்லாம் கட்டாயிரும். மொதல்லயே சொல்லிருக்கணும்லா."

மொதல்லயே சொல்லியிருக்க வேண்டுமாம். யார்? நானா? முப்பது மீட்டர் என்று அச்சடித்தவன் சொல்லவில்லை. 'போலே' என்று விற்றவர் சொல்லவில்லை. காலையிலிருந்து நான் கேபிளோடு இவர் காலடியில் உருண்டுகொண்டிருந்தபோது, "அண்ணே, எத்தன மீட்டர்?" என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஏணி பிடித்தவன் மட்டும் முதலிலேயே சொல்ல வேண்டும்!

திரும்பவும் கீழே ஓடினேன். கூடாரத்தில் எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுத்தால் அந்த நேரம் பார்த்துப் படம் வந்துவிடுமோ என்பது மாதிரி. கையில் அட்சதையை இறுக்கி மூடியிருந்தார். மேலே மைக்கில் பெண்ணை அழைத்து வரச் சொல்லும் ஐயரின் குரல் கேட்டது.

"பரவால்லடா" என்றார் என்னைப் பார்த்ததும். "மேளம் கேக்குதுல்ல. போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் டேங்கர் லோரி ஹாரன் மாதிரி திட்டக்கூடிய மனிதர். 'பரவால்லடா' என்றதும் என் மூளை மொத்தமாகச் சூடாகிவிட்டது. சூடான மூளையில் ஒரு யோசனை வந்தது.

தூரம்தானே பிரச்சினை? தூரத்தைக் குறைத்துவிட்டால்?

போனில் கோடு கிடைக்கவில்லை என்றால் என்ன செய்கிறோம்? நகர்ந்து போகிறோம். லோரி ரேடியோ கரகரத்தால் என்ன செய்கிறோம்? கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறோம். அதேதானே இதுவும்? டிவியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் படம் வந்துதானே ஆக வேண்டும்? (தயவுசெய்து சிரிக்க வேண்டாம். அந்த நேரத்தில் கூடாரத்தில் இருந்த ஒருவருக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ரவி, "கரெக்ட்டு மச்சான்!" என்றான்.)

டிவியைத் தூக்கினேன். மின்சார வயர் நீளமானது, அதுவும் கூடவே வந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. கரண்டு எத்தனை மீட்டரானாலும் முணுமுணுக்காமல் வருகிறது. படத்துக்குத்தான் இவ்வளவு பந்தா.

"டேய், டிவியத் தூக்கிக்கிட்டு எங்கடா போற?" என்றார் அப்பா.

"சிக்னல் கெடைக்கிற எடத்துக்குப்பா!"

"அப்ப நானு?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா படிக்கட்டைப் பார்த்தார். ரவி மெதுவாக நாற்காலியின் ஒரு பக்கம் கை வைத்தான்.

"நாலு பேரு கூடாதுன்னு சொன்னேன்ல."

"அஞ்சு பேரு தூக்குனா?" என்றார் செல்லம்மா அத்தை.

அப்பா யோசித்தார். அஞ்சு பேர் தூக்கி யாரும் கடைசி ஊர்வலம் போனதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"அஞ்சு பேருன்னா சரி" என்றார். "ஆனா இது கல்யாணத்துக்காக இல்ல. டிவி போவுதேன்னுதான்."

"டிவிக்காகத்தான் மாமா!" என்று ரவி சட்டை கையை மடித்தான். அவன், அவனுடைய இரண்டு கூட்டாளிகள், கூடாரம் போட வந்தவர். நாலு. என் கையில் டிவி. சுற்றி மிச்சம் இருந்ததெல்லாம் முட்டிவலி. அஞ்சாவது ஆள் எங்கே?

"தள்ளுங்கடா" என்று அத்தை எழுந்தார். நாற்காலியின் கைப்பிடியில் ஒரே ஒரு விரலை வைத்தார். "ம். அஞ்சு. தூக்கு."

இப்படியாக ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நான். அப்பா ஒரு நொடியைக்கூடத் தவறவிடக் கூடாதே என்ற கவலையில், திரை அவர் பக்கம் இருக்கும்படி டிவியை மார்போடு பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகப் படி ஏறினேன். 'நோ சிக்னல்' எரிந்துகொண்டிருந்தது. பின்னால் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா, திரையைப் பார்த்தபடி. பக்கத்தில் ஒற்றை விரலோடு அத்தை, "மெதுவா, மெதுவா, தம்பி ஒடம்பு" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினார். அதற்குப் பின்னால் முட்டிவலிக் கூட்டம் மொத்தமும். டிவி போய்விட்டதே, கீழே உட்கார்ந்து என்ன செய்வது என்று அவர்களும் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர்கூட முனகவில்லை!

பாதிப்படியில் நின்று பார்த்தோம். நோ சிக்னல். மேல்படிக்குப் போனோம். நோ சிக்னல். மண்டபக் கதவுக்கு வந்துவிட்டோம். நோ சிக்னல்.

"தம்பி! இவ்ளோ கிட்ட வந்தும் வரலையே!" என்று நான் உள்ளே பார்த்துக் கத்தினேன்.

வீடியோக்காரர் கேமராவை விடாமலே பதில் சொன்னார். "அண்ணே, டிவியத் தூக்கிட்டு வந்தா கேபிள் குட்டையாவுமா?"

கீழே எட்டிப் பார்த்தேன். கூடாரத்துக்குப் பின்னால் தொடங்கி, சாக்கடைப் பலகை, தூண், பின்படிக்கட்டு என்று அதே முப்பது மீட்டரும் போய்க்கொண்டிருந்தது. டிவிக்கு அடியில் சுருட்டிவைத்த மிச்சம் மட்டும் பிரிந்து, என் பின்னாலேயே முன்படிக்கட்டில் ஏறி வந்திருந்தது. ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

அந்த நேரம் பார்த்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்ற குரல் எழுந்தது. நாதஸ்வரமும் தவிலும் கூரையைப் பிய்த்தன. நான் பதறிப்போய் மேடைப் பக்கம் திரும்பினேன், டிவியோடு. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கவிதா கழுத்துப் பக்கம் கொண்டுபோய்விட்டார். கவிதா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. எங்கப்பா வராரு."

அவர் நின்றார். மேளக்காரர்களுக்கு நிறுத்தவும் வழியில்லை, முடிக்கவும் வழியில்லை. தவில்காரர் கண் பிதுங்க அடித்துக்கொண்டே இருந்தார். மண்டபம் முழுக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தது. கதவில் நான்.

பின்னால் இருந்து அந்த டேங்கர் லோரிக் குரல் வந்தது.

"டேய்! டிவிய நவுத்துடா! மறைக்குது!"

குனிந்தேன். நாற்காலியைக் கதவருகிலேயே இறக்கினார்கள். கவிதா தலையை ஆட்டினாள். தாலி ஏறியது. அப்பா கையைத் திறந்து, வாசலிலிருந்து மேடை வரைக்கும் எட்டிவிடும் என்ற நம்பிக்கையோடு அட்சதையை வீசினார். அது மேடை வரை போகவில்லை. பாதி என் தலையில், பாதி டிவி மேல். (அட்சதைக்கும் ஏதோ தூரக்கணக்கு இருக்கிறது போல.) திரும்பிப் பார்த்தேன். அப்பா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். என் கையில் டிவி இருந்ததால் என்னால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

அடுத்த வாரம் கேபிளைச் சுருட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அங்கிள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபோர் கேவா? அப்ப முடியாது. நீ கேக்கவே இல்லையே" என்றார். கேட்டால்தான் சொல்வாராம்! ஒரு பொருள் வேலை செய்யாது என்பதைக்கூட நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நாளைக்கு ஏணி வாங்கினால், "மேல்படியில் கால் வைக்கலாமா?" என்று தனியாகக் கேட்க வேண்டுமா? நான் கொதித்துப்போய்க் கேபிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது. முப்பது மீட்டரும் முழுதாக வேலை செய்கிறது. ஈரக் கம்பளியைக்கூடத் தாங்குகிறது.

ஆனால் அந்த வீடியோவை என்ன செய்வது? ஃபோர் கே அல்லவா, நாலு மடங்கு தெளிவு. தாலி ஏறுகிற இடத்தில் கேமரா கதவுப் பக்கம் திரும்புகிறது. அங்கே நான் நிற்கிறேன். வாய் திறந்திருக்கிறது. உள்ளே பல் அடைத்த இடம் தெரிகிறது. மார்பில் பெரிய நீலப் பலகை மாதிரி 'நோ சிக்னல்'. போலீசில் பிடிபட்டவனைப் பெயர்ப்பலகையோடு நிறுத்திப் படம் எடுப்பார்களே, அதேதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் இதைப் போடுகிறார்கள். என் முகம் வந்ததும் நிறுத்திவைத்து, செல்லம்மா அத்தை, வீட்டுக்கு வந்த புது ஆட்களுக்கு விளக்கம் சொல்கிறார். தன் விரலையும் மறக்காமல் காட்டுகிறார். சொந்தக்காரர்கள் போனில் என் பெயரே 'நோ சிக்னல்' என்றுதான் இருக்கிறது. என் யோசனைக்கு "கரெக்ட்டு மச்சான்" என்று ஊதிவிட்ட ரவிக்கு ஒரு பட்டப்பெயரும் இல்லை. எங்கே நியாயம்?

எல்லாரையும்விட அப்பாதான் மோசம். அவருக்கு இடுப்பு எப்போதோ சரியாகிவிட்டது. கைத்தடிகூட வேண்டாம். ஆனாலும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், கோயில் வாசலில் இரண்டே படி இருந்தாலும், அதன் முன்னால் நின்றுவிடுவார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்:

"எங்க அஞ்சு பேரு? மொதல்ல டிவி போவட்டும்டா!"

ஊரே சிரிக்கும். நான் அவருக்கு முன்னால் போய், அவரைப் பார்த்தபடி, பின்பக்கமாகப் படி ஏறுகிறேன். கையில்தான் டிவி இல்லை. விழுந்துவிடுவாரோ என்ற கவலை அப்படியே இருக்கிறது.